வரப்பை வழித்துவிட்டு நடுகிற பல்லுயிர்

பல்லுயிர் மீட்பு என்ற பெயரில் வயல் வரப்பைப் பொக்லைனால் வழித்துவிட்டு, வேலிக்கென்று கன்று நட்ட படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி இங்கே போடப் போவதில்லை. நேற்றிலிருந்து என்னை டேக் செய்து "இப்ப சந்தோஷமா?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை.

முதல் படத்தில் பொக்லைன். இரண்டாவதில் மழுங்கச் சீவிய வரப்பு. மூன்றாவதில்தான் கன்றும் பேனரும் சிரிப்பும். நீங்கள் மூன்றாவதற்கு லைக் போடுகிறீர்கள், நான் முதலாவதைப் பற்றிக் கேட்கிறேன். இருந்ததை வழித்தெடுத்துவிட்டு எதை மீட்கிறீர்கள்?

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெட்டுப்பட்ட மண்ணில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள். அந்த மாதிரித் துளைகளில்தான் தனித்தேனீக்கள், அதாவது கூட்டமாக வாழாமல் தனித்தனியாகக் கூடு வைப்பவை, முட்டையிடும். தேனீ இனங்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு மண்ணுக்குள் கூடு வைப்பவை. உழாத, வெயில் விழுகிற, அங்கங்கே வெறும் மண் தெரிகிற கரைதான் அவற்றுக்கு வீடு. சின்ன இனங்கள் கூட்டைவிட்டுச் சில நூறு மீட்டருக்கு மேல் இரை தேடிப் போவதில்லை. "தேனீ எங்கிருந்தாவது வந்து சேரும்" என்று பதில் போட்டவர் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

புல்கொத்தின் அடியில் தரைவண்டும் சிலந்தியும் பயிரில்லாத காலத்தை ஓட்டும். பயிர் வந்ததும் அங்கிருந்து நடந்தே வயலுக்குள் இறங்கி, பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும். இங்கிலாந்தில் இதற்கென்றே வயல் நடுவே 40 செ.மீ. உயரத்துக்கு, 2 மீட்டர் அகலத்துக்கு மண்மேடு போட்டு, கொத்தாக வளரும் புல்லை விதைக்கிறார்கள். அதே நாட்டில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உயிர்வேலியை, அதாவது வயலோரம் செடிகளாலான வேலியை, பிடுங்க அரசே மானியம் கொடுத்தது. 1997இல் முக்கியமான பழைய வேலிகளைப் பிடுங்கத் தடை வந்தது. பிடுங்கவும் காசு, திருப்பி நடவும் காசு!

சரி, நட்டதையாவது ஒழுங்காக நட்டார்களா? பத்தடிக்கு ஒன்று, ஒரே இனம், ஒரே வரிசை. இதற்குப் பெயர் வேலியா? வேலி என்றால் 40 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் 40 செ.மீ.க்கு ஒரு செடி, எதிரெதிராக வராமல் மாற்றி மாற்றி. மீட்டருக்கு ஐந்து செடி. குறைந்தது நாலைந்து இனம் கலந்தால்தான் ஒன்று பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்கும். படத்தில் பாலித்தீன் பை பாதி உரிந்தபடியே குழிக்குள் இறங்குகிறது. பைக்குள் சுருண்ட வேர் மண்ணிலும் சுருண்டேதான் போகும். தண்டும் வேரும் சேருமிடம் தரைமட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு சாண் புதைத்தால் கழுத்து அழுகும். மூடாக்கை (மண்ணை மூடப் பரப்பும் சருகு, வைக்கோலை) தண்டோடு ஒட்டிக் குவித்தாலும் அதே கதிதான். முதல் மூன்று வருடம் ஒரு மீட்டர் அகலத்துக்குக் களை எடுக்க ஆள் உண்டா? அதைக் கேட்டால் "குறை சொல்றவன்".

நிழல் விழும் என்கிறீர்கள். நியாயம்தான். வேலி எவ்வளவு உயரமோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் பயிர் குன்றும். உயரத்தை இரண்டு மீட்டருக்குள் நிறுத்துங்கள், வேர் ஓடும் பக்கம் சால் வெட்டுங்கள். எலி வரும், பாம்பு வரும் என்கிறீர்கள். பாம்பு எதைத் தின்ன வருகிறது?

வரப்பில் செடி இருந்தால் பூச்சி பெருகும் என்று நீங்கள் சொல்வதுதான் என்னை உண்மையில் நோகடிக்கிறது. தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூன்று நாட்டு நெல்வயல்களில் வரப்பில் எள் போன்ற பூச்செடிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. பூச்சிமருந்துத் தெளிப்பு 70 விழுக்காடு குறைந்தது, விளைச்சல் 5 விழுக்காடு கூடியது. பயிரைத் தின்னும் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிக்குத் தேன் வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். எள்ளே விதைக்க வேண்டாம், இருந்த பூவை விட்டுவைத்திருக்கலாம்.

புதர் என்றாலே ஏன் இத்தனை அருவருப்பு? வருடா வருடம் முழு வேலியையும் மொட்டையடிக்கிறார்கள். பல செடிகள் போன வருடக் கிளையில்தான் பூக்கும். மொட்டையடித்தால் பூவும் இல்லை, பழமும் இல்லை, குருவியும் இல்லை. வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் போதும், அதுவும் கூடு கட்டாத மாதங்களில். அப்புறம் காற்றடிக்கும் நாளில் மருந்து தெளித்து, அது வேலிப் பூவில் விழுந்து, "தேனீயே காணோம்" என்று ஒரு பதிவு. அதற்கும் ஆயிரம் லைக்.

மேற்குப் பக்கத்து வரப்பு இன்னும் அப்படியே நிற்கிறது. அடுத்த வாரம் இரண்டாம் கட்டமாம். பொக்லைனை அனுப்பாதீர்கள். மிச்சக் கன்றுகளை இருக்கிற புதரில் இடைவெளி விழுந்த இடத்தில் மட்டும் வையுங்கள், பையை முழுசாக உரித்துவிட்டு.