அம்மாவின் அபராதச் சீட்டும் மண்டபத்துக் கைத்தட்டலும்

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்தது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். காணொளியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் அங்கே பேசிய பெரியவர் சொன்ன மூன்று வாக்கியங்களை மட்டும் எழுதுகிறேன். "கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில்தான் நம் ஜனங்கள் ஒழுங்காக இருந்தார்கள். அபராதம் வாங்கியவர்கள் எல்லாம் அடங்காதவர்கள். தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?" மண்டபம் கைதட்டியது. நான் எழுந்து வந்துவிட்டேன். அன்னதானத்துக்குக்கூட நிற்காமல் போனது மரியாதை இல்லை என்று இரண்டு பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். எனக்கு அங்கே ஒரு வாய்ச் சோறு இறங்கியிருக்காது.

அபராதம் வாங்கிய அந்த அடங்காதவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

2020 ஏப்ரல். அம்மா அப்போது தம்பியோடு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், இருந்தார். சர்க்கரை நோய், ஒரு கண்ணில் பார்வை மங்கல். இன்சுலின் தீர்ந்துவிட்டது. லயத்திலிருந்து கிளினிக் 17 கிலோமீட்டர். பேருந்து இல்லை. தம்பி மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனான். கூட்டிப் போகச் சொன்னது நான்தான். பாதி வழியில் சாலைத் தடுப்பு. கிளினிக் அட்டையைக் காட்டினார்கள். 10 கிலோமீட்டர் தாண்டிவிட்டீர்கள், ஒரு வண்டியில் இரண்டு பேர் வரக்கூடாது என்று சொல்லி ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒன்று 1,000 ரிங்கிட். இரண்டு 2,000.

இப்போது சட்டத்தைச் சொல்கிறேன். கைதட்டியவர்கள் தயவுசெய்து இதை மட்டுமாவது படியுங்கள். அந்தக் கட்டுப்பாடுகள் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் அரசிதழான கெசட்டில் வெளியான விதிமுறைகள். 10 கிலோமீட்டர் என்று எழுதிய அதே விதியில், அதற்குள் கிடைக்காவிட்டால் கிடைக்கும் மிக அருகிலுள்ள இடத்துக்குப் போகலாம் என்றும் எழுதியிருக்கிறது. மருத்துவத்துக்குப் போகலாம். நியாயமான தேவை இருந்தால் ஒருவர் துணைக்கும் வரலாம். என் அம்மா சட்டத்தை மீறவில்லை. சட்டம் கொடுத்த இடத்துக்குள்தான் இருந்தார். அது சாலைத் தடுப்பில் நின்றவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. அவரிடம் அதை எடுத்துச் சொல்ல எங்களுக்கும் தெரியவில்லை. தினமும் தொலைக்காட்சியில் ஓர் அறிவிப்பு வரும், மறுநாள் அது மாறும். எது அறிவிப்பு, எது சட்டம் என்று லயத்தில் இருப்பவருக்கு யார் பிரித்துச் சொன்னார்கள்?

இதை எழுதியதும் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நோய் பரவியிருந்தால் யார் பொறுப்பு? நியாயமான கேள்விதான். இந்த நாட்டில் 37,000க்கும் மேற்பட்டோர் கொரோனாவுக்குப் பலியானார்கள். என் பக்கத்து வீட்டு அக்காவும் அதில் ஒருவர். முகத்தைக்கூடக் காட்டாமல் கொண்டுபோய் எரித்தார்கள். நான் மூன்று ஊசியும் போட்டுக்கொண்டவள். வீட்டில் அடைந்து கிடக்கச் சொன்னது தவறு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. நடமாடும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 9ஆவது பிரிவே, பொதுச் சுகாதாரத்துக்காகச் சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. சட்டம் போட்டு. சாலையில் நிற்பவரின் மனநிலையைப் பொறுத்து அல்ல. நான் கேட்பது இவ்வளவுதான்.

வேறு சிலர் இதில் அரசியல் இருக்கிறது என்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

அதே ஏப்ரலில் செம்பனை (எண்ணெய்ப் பனை) வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. அத்தியாவசியத் தொழில் என்று அனுமதி இருந்தது. விடியுமுன் குலை வெட்டப் போகும் லாரியில் ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று போனதைத் தம்பி தினமும் பார்த்தான், அவனும் அதில்தான் போனான். அங்கே இடைவெளி யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பெற்ற தாய்க்கு மருந்து வாங்கப் போனபோது மட்டும் இரண்டு பேர் கூட்டமாகிவிட்டார்கள்.

அந்த ஆண்டு மாநகர, நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு வெளியே குறைந்தபட்சச் சம்பளம் 1,100 ரிங்கிட். தம்பியின் கையில் வந்ததும் ஏறக்குறைய அதுதான். இரண்டு சீட்டையும் கட்ட நான் சங்கிலியை அடகு வைத்தேன். மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்கக்கூட எங்களுக்குத் தெரியாது. 2021 மார்ச்சில், நாடாளுமன்றம் கூடாத அவசரகாலத்தில், ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் தனிநபர் அபராதத்தை 10,000 வரை உயர்த்தினார்கள். தோட்டத்து ஆளுக்கு அது ஒன்பது மாதச் சம்பளம். அதையும் ஒழுக்கம் என்றுதான் சொல்வீர்களா?

2020 ஜூலையில் துருக்கியிலிருந்து திரும்பிய அமைச்சர் கைருடின் அமான் ரசாலி வீட்டில் தனிமைப்படாமல் நடமாடினார். எந்தத் துறைக்கு அமைச்சர் தெரியுமா? நம் செம்பனைக்கும் ரப்பருக்கும்தான். செய்தி வெடித்தது. அவரும் கட்டியது 1,000 ரிங்கிட். பிறகு, அவருக்கு முறையான கண்காணிப்பு உத்தரவு கொடுக்கப்படவில்லை என்று வழக்கும் இல்லாமல் போனது. அவருக்குத் தாளில் விடுபட்டது உதவியது. என் அம்மாவுக்குத் தாளில் எழுதியிருந்த உரிமையே உதவவில்லை. மண்டபத்தில் இந்தப் பெயரைச் சொல்லி ஒருவராவது "அடங்காதவர்" என்றாரா?

பழைய கதையைக் கிளறாதே என்பார்கள். 1948 ஜூனில், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் கொண்டுவந்த அவசரகாலம் தொடங்கக் காரணமான கொலைகள் நடந்ததே இந்தச் சுங்கை சிப்புட்டில்தான். 1960 வரை அது நீடித்தது. ரப்பர் பால் வெட்டப் போகும்போது தோட்டத்து வாசலில் நிறுத்தி, காட்டுக்குள் இருந்த கிளர்ச்சியாளர்களுக்குச் சாப்பாடு போகிறதா என்று தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்று பாட்டி சொல்வார். பசித்த பிள்ளைக்கு எடுத்துப் போன ஒரு பிடிச் சோற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். பாட்டி எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் சாகும்வரை சீருடையைப் பார்த்தால் எழுந்து நின்றுவிடுவார். 2021 ஜனவரியில் தொலைக்காட்சியில் மறுபடியும் "அவசரகாலம்" என்றபோது என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அரிசியைக் கேட்பார்களா?"

தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம் என்று கேட்டீர்களே, ஐயா. இதுதான் பயம். மூன்று தலைமுறையாகத் தோட்டத்து வாசலிலும் சாலைத் தடுப்பிலும் நின்று பழகிய பயம். மலாயில் எழுதியிருந்த அந்தச் சீட்டை என் அம்மாவால் படிக்க முடியவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். போடும்போது "மன்னிச்சிடுங்க ஐயா" என்று சொன்னாராம். தம்பி இதை என்னிடம் சொன்னது இரண்டு வருஷம் கழித்து.

அந்தச் சீட்டு பிஸ்கட் டின்னில், அடையாள அட்டைப் பிரதிகளோடு இன்னும் இருக்கிறது. பணம் கட்டிய ரசீதும் இருக்கிறது. போன மாதம் கண் பரிசோதனைக்குக் கிளம்பும்போது, வழியில் யாராவது கேட்டால் காட்ட வேண்டுமா என்று கேட்டு அம்மா இரண்டையும் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் வாங்கி மறுபடியும் டின்னில் வைத்தேன். பெரியவருக்கு என் வீடு தெரியும். எப்போது வந்தாலும் எடுத்துக் காட்டுகிறேன்.