முதலில் எங்களிடம் கேளுங்கள்

உதவி தரும் நாடுகள் சேர்ந்து திட்டமிட்டால்தான் சுகாதார உதவி பயன்படும் என்று நான் வாசித்த ஒரு கட்டுரை சொல்கிறது. முழுக்க உண்மை. சுனாமிக்குப் பிறகு, 2005 தை மாதம், இலங்கையின் கிழக்குக் கரையில் திருக்கோவில் பக்கம் ஒரு முகாமில், வெளிநாட்டு உதவியாக வந்த மருந்துப் பெட்டி பிரிக்க நின்றேன். அட்டைகளில் என்ன மொழி என்றே விளங்கவில்லை. டொக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து ஒதுக்கி வைத்தார். வெளியே பிரஷர் குளிசைக்காக ஒரு அம்மம்மா வெயிலில் நின்றா. உதவியாக அனுப்பும் மருந்தின் லேபல், பெறுகிற நாட்டு மருத்துவர்களுக்கு விளங்க வேண்டும், காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே சொல்லிவிட்டது! 2005 மார்ச்சில்தான், உதவியை எப்படிப் பயனுள்ளதாக்குவது என்று நாடுகள் ஒப்புக்கொண்ட பாரிஸ் பிரகடனமும் வந்தது. பெறும் நாட்டின் திட்டத்தோடு உதவி ஒத்துப்போக வேண்டுமாம். சரி, நல்லது. அனுப்புமுன் இங்குள்ள மருந்தாளரிடம் என்ன முடிந்துபோயிருக்கிறது என்று ஒரு தரம் கேளுங்கள்.