போலியோ தடுப்பூசி: அந்த ஃபார்வர்டில் இருப்பது தவறு

"போலியோ தடுப்பூசியை ஒரு மருந்து கம்பெனி லாபத்துக்காகச் செய்தது. 1954-ல் 18 லட்சம் அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பெற்றோருக்கே தெரியாமல் ஊசி போட்டார்கள்" என்று ஒரு செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது.

போலியோ தடுப்பூசியை உருவாக்கிய விஞ்ஞானி ஜோனஸ் சால்க்கின் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கம்பெனி அல்ல, ஒரு அறக்கட்டளை. அதிபர் ரூஸ்வெல்ட் 1938-ல் தொடங்கிய அது இன்று 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறது. டைம் என்றால் பத்து சென்ட் நாணயம். அதை நன்கொடையாக உறையில் போட்டு வெள்ளை மாளிகைக்கே அனுப்பச் சொன்னார்கள். மூட்டை மூட்டையாக வந்த தபாலில் அலுவலகக் கடிதங்களைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகிவிட்டதாம்! அந்தச் சில்லறை ஆய்வகத்துக்கு மட்டும் போகவில்லை. உள்ளூர்க் கிளைகள் வழியாக நோயாளிகளின் சிகிச்சைச் செலவுக்கும், மூச்சுவிட உதவிய 'இரும்பு நுரையீரல்' இயந்திரங்களுக்கும் போனது.

சரி, அந்த 18 லட்சம்? 1954-ல் நடந்த தடுப்பூசிச் சோதனையில் பங்கேற்றவர்களின் மொத்தக் கணக்கு அது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் ஆறரை லட்சம் பேர்தான், அதிலும் ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. மற்றவர்களை ஊசி போடாமல் கவனித்து மட்டும் வந்தார்கள். ஊசிக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தில் 'அனுமதிக்கிறேன்' என்றுகூட இல்லை, 'கேட்டுக்கொள்கிறேன்' என்றே இருந்தது.

மார்ச் ஆஃப் டைம்ஸ், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் இரண்டின் இணையதளங்களிலும் இந்த வரலாற்றைப் பார்க்கலாம். உங்களுக்கு அந்தச் செய்தி வந்திருந்தால் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம். அனுப்பியவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.