ரெண்டும் ஒண்ணு இல்லீங்ணா!

"ரெண்டும் ஒண்ணுதானுங்ணா."

இனிமே எந்தக் கடையில யார் இந்த வார்த்தையைச் சொன்னாலும் அங்கேயே நின்னு கத்திடுவேன், இப்பவே சொல்லிட்டேன். நேத்து சனிக்கிழமை முழுசா இந்த ஒரு வார்த்தைக்குப் பலியாப் போச்சு. கேட்டது ஒரு நட்டு. சுண்டுவிரல் நகம் அளவு ஒரு நட்டு. என் பழைய ஜீப்புல, பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்புரேட்டரை மேனிஃபோல்ட்ங்கற எஞ்சின் குழாய் மேல பிடிச்சு நிறுத்தற ரெண்டு ஸ்டட்ல, அதாவது தலையில்லாத போல்ட்டுல, ஒண்ணுக்குப் போடற நட்டு. ரெண்டரை நூல் (ஒரு நூல்னா இஞ்சுல எட்டுல ஒரு பங்கு), ஃபைன் மரை, அதாவது நெருக்கமான திருகு, இஞ்சுக்கு 24. அவ்வளவுதான்.

கடைக்காரர் டப்பாவுக்குள்ள கையை விட்டார். ஒரு பிடி அள்ளி கவுண்டர்ல கொட்டினார்.

"இந்தாங்க, 8 எம்எம்."

"8 எம்எம் இல்லீங்க. ரெண்டரை நூல். அஞ்சு பை பதினாறு."

"ரெண்டும் ஒண்ணுதானுங்ணா."

"ஒண்ணு இல்லீங்க, மரை வேற."

"20 வருசமா கடை வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதுங்களா? எந்த வண்டிக்கு?"

"ஃபோர்டு ஜிபிடபிள்யூ. 1944 ஜீப்புங்க."

"ஃபோர்டுல ஏதுங்ணா ஜீப்பு? மஹிந்திரா மேஜருங்களா?"

"மிலிட்டரி ஜீப்புங்க. ரெண்டாம் உலகப் போர்ல ஓடின வண்டி."

"அட, பழைய வண்டிதானே. அதுக்கு இது போதுங்ணா!"

இது போதுமாம்! பழைய வண்டின்னா என்ன வேணா போட்டு மாட்டிடலாமா? எனக்கு அங்கேயே ரத்தம் கொதிச்சுது. ஆனா விசயம் இதோட முடியலை.

என் கையில ஒரு புது ஸ்டட் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் கோயமுத்தூர் கணபதியில ஒரு லேத் பட்டறையில கடைஞ்சு வாங்கினது. நட்டு சரியா ஏறுதான்னு பாக்கறதுக்காகத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிருந்தேன். துணியைப் பிரிச்சு கவுண்டர்ல வெச்சதுதான் நான் செஞ்ச தப்பு. அவர் அதை எடுத்தார், 8 எம்எம் நட்டை மாட்டினார், விரலால சுத்தினார். ஒரு சுத்து ஏறுச்சு. ரெண்டாவது பாதியில நின்னுது.

"பாருங்க, ஏறுது."

"நின்னுடுச்சு பாருங்க. இறுக்காதீங்க!"

நான் "இறுக்"ன்னு சொல்லும்போதே அவர் கையில 13 நம்பர் ஸ்பேனர் வந்துடுச்சு. ஸ்டட்டை வைஸ்ல கடிக்க வெச்சு ஒரே முறுக்கு. கிர்ர்ர்னு ஒரு சத்தம். கம்பி சீவுற மாதிரி வெள்ளையா ஒரு சுருள் பிரிஞ்சு கவுண்டர் மேல விழுந்தது. அது என்னன்னு தெரியுதுங்களா? அது மரை. முந்தின நாள் ஒரு பெரியவர் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிவிட்டுக்கிட்டு, குனிஞ்சு நின்னு வெட்டின மரை.

"ஏறிடுச்சுங்ணா!"

அந்த முகத்துல இருந்த சந்தோசத்தை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

கணக்கைச் சொல்றேன், ஒரு தடவை கேட்டுக்குங்க. அஞ்சு பை பதினாறு இஞ்சுன்னா 7.94 மில்லிமீட்டர். 8 எம்எம்ன்னா 8. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், வெர்னியர் வெச்சாதான் தெரியும். மரையைப் பாருங்க. இஞ்சுக்கு 24-ன்னா ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல 1.06 மில்லிமீட்டர். சாதாரண 8 எம்எம் நட்டுல அதே இடைவெளி 1.25. சுத்துக்குச் சுத்து கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர் தள்ளிப் போகுது. மூணாவது சுத்துல அரை மரைக்கு மேல விலகிடும், அதாவது பள்ளத்துல உட்கார வேண்டியது மேட்டுல ஏறும். அதுக்கப்புறம் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினா நட்டு எங்கயும் ஏறாது, ஸ்டட்டைத் தின்னுட்டுத்தான் உள்ள போகும்.

இந்தக் கதை நேத்து ஆரம்பிச்சதும் இல்லை. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு ஒர்க்‌ஷாப்ல கார்புரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணினாங்க. மாட்டும்போது ஒரு நட்டைக் காணோம். நான் டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள பைக் சாமான் டப்பாவுல இருந்து ஒரு 8 எம்எம் நட்டை எடுத்து முறுக்கிட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நட்டு பாதியில சிக்கி நின்னதால கார்புரேட்டரோட அடி விளிம்பு, அதான் ஃபிளேஞ்ச், ஒட்டலை, காத்து இழுக்குது. ஐடிலிங்ல வண்டி ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது, மூச்சு வாங்கற மாடு மாதிரி. திரும்பக் கொண்டு போனா மெக்கானிக் சொன்ன பதில் என்ன தெரியுங்களா?

"கார்ப்பு போச்சுங்க சார். இந்தக் கார்ட்டர் கம்பெனி கார்ப்பு எல்லாம் இனிமே சரிவராது. மாருதி கார்ப்பு போட்டு அப்கிரேட் பண்ணிடலாம்."

இதுதான் என் வயித்தெரிச்சல்! மட்டமான மாத்துச் சாமானைப் போடறதும் இவங்கதான். அதனால வண்டி மக்கர் பண்ணினா ஒரிஜினல் மேல பழியைப் போட்டு அப்கிரேட்டை நீட்டறதும் இவங்கதான். 80 வருசம் வேலை செஞ்ச கார்புரேட்டரைக் குப்பைன்னு சொல்ல வாய் எப்படி வருது? வீட்டுக்கு வந்து ஃபிளேஞ்ச் ஓரத்துல கிளீனர் ஸ்பிரேயை அடிச்சேன். உடனே எஞ்சின் குரல் ஏறுச்சு. காத்து அங்கதான் போகுதுன்னு அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சுது. நட்டைக் கழட்டினா சிக்கின நட்டோட சேர்ந்து ஸ்டட்டே வெளிய வந்துடுச்சு. அதைத் தூக்கிட்டுத்தான் கணபதிக்குப் போனேன்.

அந்தப் பெரியவரைப் பத்திச் சொல்லியே ஆகணும். பழைய ஸ்டட்டை வாங்கிப் பாத்தார். என்ன வண்டின்னு கேக்கலை, பழைய வண்டிக்கு எதுக்கு இவ்வளவுன்னு கேக்கலை. முதல்ல கேட்டது, "எத்தனை மரை கண்ணு? 22-ஆ, 24-ஆ?" ஏன்னா அஞ்சு பை பதினாறுல இங்கிலாந்துக்காரன் ஃபைன் மரை 22, அமெரிக்காக்காரன் ஃபைன் மரை 24. அடுத்து, "55 டிகிரியா, 60-ஆ?" இங்கிலாந்து மரைக்குக் கோணம் 55, அமெரிக்க மரைக்கு 60. மரை அளக்கற கேஜை வெச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார். மேனிஃபோல்டுக்குள்ள போற பக்கம் வார்ப்பு இரும்பைப் பிடிக்கணும்கறதால தடி மரை 18, நட்டு ஏற்ற பக்கம் 24. ஒரே ஸ்டட், ரெண்டு முனையிலயும் வேற வேற மரை. பல்சக்கரத்தை மாத்தி மாத்திப் போட்டு, கடைசி வெட்டுல விரலை வெச்சுத் தடவிப் பாத்துத்தான் நிறுத்தினார். அந்த ஸ்டட்டைத்தான் கடைக்காரர் அரை நிமிசத்துல சீவித் தள்ளினார்.

இந்த ஜீப்பைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இதை வில்லிஸ்ங்கற கம்பெனி அமெரிக்காவுல, ஓஹையோவுல டொலீடோவுல செஞ்சாங்க. ஃபோர்டு அதே வரைபடத்தை வாங்கித் தன் ஃபேக்டரிகள்ல செஞ்சாங்க. ஃபோர்டு மட்டும் 1942-ல இருந்து 1945-க்குள்ள ரெண்டே முக்கால் லட்சத்துக்கு மேல. ரெண்டு கம்பெனி வண்டியிலயும் சாமான் ஒண்ணுக்கொண்ணு மாத்தி மாட்டற மாதிரி இருக்கணும்னு ராணுவம் கேட்டுச்சு, அப்படியே இருந்தது. பர்மாவுல ரயில் சக்கரத்தை மாட்டித் தண்டவாளத்துல இந்த ஜீப்பை ஓட்டியிருக்காங்க. அஸ்ஸாம்ல இருந்து பர்மாவுக்குள்ள போர்க்காலத்துல போட்ட லெடோ ரோட்டுச் சேத்துல ஓட்டியிருக்காங்க. அங்க ஒரு வண்டி செத்தா அதுல இருந்து கழட்டின நட்டு இன்னொரு வண்டியில விரலால ஏறிச்சு. இங்க ஏசி போட்டு, கம்ப்யூட்டர் பில் போடற கடையில ஏற மாட்டேங்குது. அப்ப காட்டுக்குள்ள இருந்த ஒழுங்கு இப்ப கவுண்டர்ல இல்லை.

என் வண்டி ஃபோர்டுங்கறதால நிறைய போல்ட்டுத் தலையில குட்டியா ஒரு 'எஃப்' எழுத்து பொறிச்சிருக்கும். பெயிண்டைச் சுரண்டி அந்த எழுத்து தெரியும்போது வர்ற சந்தோசம் இருக்கே, அதைச் சொன்னாப் புரியாது. போன மாசம் ஒரு பெயிண்டர் அந்த மாதிரி ஆறு போல்ட்டை "துருப் பிடிச்சிருக்குங்க"ன்னு பழைய இரும்புக்குப் போட்டுட்டு, பளபளன்னு புதுசு மாட்டி வெச்சிருந்தார். தலையில பலத்தைக் காட்டற ஒரு கோடு கிடையாது, நம்பர் கிடையாது. எந்த கிரேடுன்னே தெரியாத இரும்பு. ரெண்டாவது தடவை இறுக்கும்போதே கழுத்து நீண்டுடுச்சு.

6 வோல்ட் கதையும் இதேதான். "ஸ்டார்ட்டர் மெதுவா சுத்துதுங்க, 12 வோல்ட்டுக்கு மாத்திடுங்க"ன்னு சொல்லாத ஆள் இல்லை. ஏன் மெதுவா சுத்துது? யாரோ அதுல 12 வோல்ட் கார் கேபிளை மாட்டி வெச்சிருக்காங்க. அதே வேலையைச் செய்ய 6 வோல்ட்டுல ரெண்டு மடங்கு கரண்ட் ஓடணும், அதுக்கு விரல் தண்டிக்கு கேபிள் வேணும். தடி கேபிளும், எஞ்சினுக்கும் சேஸுக்கும் நடுவுல ஒரு நல்ல எர்த் பட்டையும் போட்டேன். இப்ப ஒரு மிதி, டபக்னு பிடிக்குது. மாத்த வேண்டியது கேபிள்தான், வண்டியோட மொத்த ஒயரிங்கையும் இல்லை.

அப்கிரேட்டே கூடாதுன்னு நான் சொல்லலை. வேண்டிய இடத்துல கேட்டா குடுக்க ஆள் இல்லையே, அதுதான் கொடுமை! எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளற பம்ப்புக்குள்ள இருக்கற டயாஃப்ரத்தை, அதான் ரப்பர் சவ்வை, எடுத்துக்குங்க. இப்ப பங்க்ல ஊத்தற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பருக்கு அது விஷம். ஊதிப் போகுது, விறைக்குது, கிழியுது. கிழிஞ்சா பெட்ரோல் நேரா எஞ்சின் ஆயிலுக்குள்ள இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாத்தா பெட்ரோல் நாத்தம், விரல்ல தேச்சா ஆயில் தண்ணி மாதிரி வழியுது. அந்த ஆயிலோட ஓட்டினா பேரிங் காலி. இதுக்கு எத்தனாலைத் தாங்கற விட்டான் ரப்பர் டயாஃப்ரம் வேணும்னு கேட்டா, எந்தக் காலத்துலயோ அலமாரியில போட்ட கிட்டைத் தூசி தட்டி எடுத்து, "ஒரிஜினல் சார்"ங்கறாங்க! ஒரிஜினல் வேணும்னு கெஞ்சற இடத்துல 8 எம்எம், புதுசு வேணும்னு கெஞ்சற இடத்துல ஒரிஜினல். நாங்க எங்கதான் போறது?

பஞ்சர் கடையை மட்டும் சொல்லாம விட மாட்டேன். இந்த வண்டியில இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. எதிர்ப்பக்கம் சுத்தினாத்தான் கழலும். "தம்பி, இடது மரை"ன்னு ரெண்டு தடவை சொன்னேன். தலையாட்டிட்டு ஏர் கன்னை வெச்சு டர்ர்ர்னு அடிச்சான். அடிக்க அடிக்க நட்டு இறுகுது, அவன் இன்னும் அழுத்தறான். டக்குனு ஸ்டட் ஒடைஞ்சு நட்டோட கீழ விழுந்தது. "பழைய வண்டிங்ணா, துரு"ங்கறான்!

பழைய வண்டி, பழைய வண்டி, பழைய வண்டி. வால்பாறையிலயும் ஊட்டியிலயும் எஸ்டேட் ரோட்டுல தேயிலை மூட்டையையும் ஆளையும் சுமந்து ஏறினது இந்த மாதிரி வண்டிங்கதான். மஹிந்திரா 1940-கள் கடைசியில வில்லிஸ் ஜீப்பைக் கோர்க்க ஆரம்பிச்சதுல இருந்து இஞ்சு மரைச் சாமான் இந்த ஊர்க் கடைங்கள்ல இழுப்பறை இழுப்பறையா இருந்தது. கேட்ட உடனே அளவு சொல்லி எடுத்துக் குடுத்தாங்க. அந்த இழுப்பறை எல்லாம் எங்க போச்சு? இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, நான் வேற கடையைப் பாத்துக்கறேன். ஏன் பொய் சொல்லணும்? ஏன் கையில இருக்கறதைத் திணிக்கணும்?

நேத்து சாயங்காலம் திரும்ப கணபதிக்குப் போனேன். சீவின ஸ்டட்டைக் குடுக்கவே கை கூசுச்சு. பெரியவர் வாங்கிப் பாத்தார், வாய் திறக்கலை. உள்ள போய் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை எடுத்துட்டு வந்து கொட்டினார். எண்ணெய் ஊறின நட்டுங்க. ஒவ்வொண்ணா எடுத்து மரை கேஜை வெச்சுப் பாத்து, ரெண்டு நட்டைத் தனியா ஒதுக்கினார். "புது ஸ்டட்டுக்குத் திங்கக்கிழமை வா கண்ணு. இனிமே இதை எடுத்துட்டு எந்தக் கடைக்கும் போயிடாதே." காசு கேட்டதுக்கு ஸ்டட்டுக்கு மட்டும் சொன்னார், நட்டுக்கு வாங்கலை.

ரெண்டு நட்டும் இப்ப என் மேஜை மேலதான் இருக்கு. நல்லா இருக்கற இன்னொரு ஸ்டட்ல ஒண்ணை வெச்சு விரலால தள்ளிவிட்டேன். சத்தமே இல்லாம அடி வரைக்கும் வழுக்கிட்டுப் போய் உட்கார்ந்துச்சு. பத்துத் தடவையாவது ஏத்தி இறக்கிப் பாத்திருப்பேன்.

இதை எழுதிட்டிருக்கும்போதே சமையல்கட்டுல இருந்து சத்தம். குக்கர் விசிலே அடிக்கலையாம், மூடி ஓரமா ஆவி போகுதாம். புதன்கிழமைதான் காஸ்கெட் வாங்கிட்டு வந்தேன். கம்பெனி பேரைச் சொன்னேன், 5 லிட்டர்னு சொன்னேன், பழைய காஸ்கெட்டைக் கையில காட்டினேன். அந்தக் கடைக்காரம்மா அதைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

"எல்லாத்துக்கும் ஒரே சைஸ்தாங்க."

துவரம்பருப்பு ஒரு மணி நேரமா அடுப்புல இருக்கு. இன்னும் வேகலை.