தீர்த்தத்தில் ஷாம்பு நுரை

அழகர்கோவில் போனால் மலையேறி நூபுர கங்கையில் குளிக்காமல் திரும்ப மனம் வராது. சிலம்பாறு என்றும் பெயர். அழகருக்குத் திருமஞ்சனமே இந்தச் சுனைநீரில்தான். போன ஞாயிறு வரிசையில் கால்கடுக்க நின்று, துண்டோடு உள்ளே போனால் முதல் அடியே வழுக்கியது. ஷாம்பு நுரை! குதிகாலில் ஏதோ ஒட்டியது. உரித்துப் பார்த்தால், பல்லால் கடித்துக் கிழித்த ஷாம்பு பாக்கெட். தண்ணீர் விழும் இடத்தை அடைத்துக்கொண்டு ஒருத்தர் இரண்டாம் முறை தலைக்குத் தேய்க்கிறார்.

“அண்ணே, இது தீர்த்தம்ணே.”

“அதான் தம்பி, என்னமா நுரைக்குது பாரு!”

சரி, சாப்பிட்டாவது இறங்கலாம் என்று வெளியே வந்தால், புளியோதரைப் பொட்டலம் குரங்கு கையில். அதை மன்னித்துவிட்டேன். அது சோப்பு போடவில்லையே.