போந்தியைக் கேட்கிறவர்கள், அவரோடு வாசிக்கிறவர்களையும் கேளுங்கள்

ஃபியூஷன் வயலின் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் எல். சங்கர், எல். சுப்பிரமணியம் என்று இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். தப்பில்லை, அண்ணன் தம்பி இருவருமே எனக்கும் பிடித்தவர்கள்தான். ஆனால் எல். சங்கரும் ஆங்கிலேய கிட்டார்காரர் ஜான் மெக்லாஃப்லினும் சேர்ந்த சக்தி குழு உருவாவதற்குச் சற்று முன்பு வரை அந்த மெக்லாஃப்லினுக்குப் பக்கத்தில் வயலினோடு நின்றவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ழான்-லுக் போந்தி. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான இந்த ரெயூனியன் தீவில் குடியிருந்துகொண்டு, பிரெஞ்சு பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நம் தமிழ் ஆட்கள் இவரைக் கேட்காமல் இருப்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை இல்லாதவர்கள் நேரே 'எனிக்மாடிக் ஓஷன்' ஆல்பத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் வந்து படிக்கலாம்.

1942-இல் நார்மண்டியில் அவ்ரான்ஷ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா வயலின் வாத்தியார், அம்மா பியானோ சொல்லிக் கொடுத்தவர். பதினாறு வயதில் பாரிஸ் இசைக் கல்லூரி, இரண்டே வருஷத்தில் முதல் பரிசு, பிறகு மூன்று வருஷம் லாமுரே சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் வேலை. இதுவரைக்கும் பெற்றோர் சொல் கேட்ட பிள்ளை. ஜாஸ் பக்கம் போனபோது வயலினை எடுத்துக்கொண்டு போகவில்லை. முதலில் கிளாரினெட், பிறகு டெனர் சாக்ஸபோன். டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸும் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனும் அந்தத் தலைமுறையை ஆட்டிவைத்த காலம் அது. இந்த விவரத்தை நான் சும்மா சொல்லவில்லை. போந்தியின் வயலின் ஏன் வேறு எந்த வயலின் மாதிரியும் இல்லை என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

நம் கர்நாடக வயலின் வாய்ப்பாட்டைப் பின்தொடர்ந்து வளர்ந்தது. பாடகர் ஒரு சங்கதி போட்டால் வில் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். விரல் தந்தியில் வழுக்கிக்கொண்டே இருக்கும், ஒரு ஸ்வரம் அசையாமல் நின்றால் நமக்கே ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். போந்தி இதற்கு நேர் எதிர். ஊதுகுழல்காரன் மூச்சு விடுகிற இடத்தில் அவர் வில் நிற்கும். ஸ்வரத்தை நேராக, வெட்டினாற்போல் வைப்பார். மேற்கத்திய வயலினில் எப்போதும் கேட்கிற அந்த நடுக்கம் அவரிடம் மிகக் குறைவு. கமகம் தேடுகிற காது முதலில் ஏமாந்து போகும். பாண்டிச்சேரியில் சின்ன வயதில் வில் பிடித்துப் பழகிய எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு மூன்று ஆல்பம் தாண்டியபின் அந்த நேர்கோட்டுக்குக் காது பழகிவிடுகிறது, பிறகு விடாது.

எனக்கு இவரை அறிமுகப்படுத்தியது சித்தப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் 'சொல்தா'வாக இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு இங்கே சேன்-ஆந்த்ரேயில் வந்து உட்கார்ந்தவர். எழுபதுகளில் பிரான்சில் இருந்தபோது வாங்கின எல்பி தட்டுகள் ஒரு அலமாரி நிறைய. நான் தட்டை எடுத்து ஓடவிடப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். "முதல்ல அட்டையோட பின்பக்கத்தைப் படிடா. கூட யார் யார் வாசிச்சிருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் ஊசியை வை." நம் சபாக் கச்சேரிக்குப் போகிறவர்கள் மிருதங்கம் யார் என்று கேட்டுவிட்டுத்தானே கிளம்புகிறார்கள், அதே புத்தி. போந்தி விஷயத்தில் அந்தப் புத்தி எவ்வளவு சரி என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவர் மேதை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவருடைய ஆல்பங்களின் தரம், பக்கத்தில் நிற்பவர் அவரை மடக்கக்கூடிய ஆளா இல்லையா என்பதைப் பொறுத்தே ஏறி இறங்கியிருக்கிறது.

ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1969-இல் லாஸ் ஏஞ்சலஸில் பியானோக்காரர் ஜார்ஜ் டியூக்கின் மூவர் குழுவோடு சேர்ந்து ஒரு நேரடிக் கச்சேரிப் பதிவு. அடுத்த வருஷமே அமெரிக்க ராக் இசைக்காரர் ஃபிராங்க் ஸப்பாவின் இசையை வைத்து 'கிங் காங்'. அதிலும் டியூக் உண்டு. 1972-இல் எல்டன் ஜானின் 'ஹாங்கி ஷாட்டோ' ஆல்பத்தில் இரண்டு பாட்டுக்கு வயலின். 1973-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கே குடிபோய் ஸப்பாவின் குழுவில் சேர்ந்தார், அங்கே ரொம்ப நாள் நிலைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், நம் எல். சங்கரின் 1979 ஆல்பம் 'டச் மீ தேர்' தயாரித்ததும் இதே ஸப்பாதான். மெக்லாஃப்லின், ஸப்பா இருவர் வீட்டு வாசலையும் இரண்டு வயலின்காரர்களும் மிதித்திருக்கிறார்கள்.

பிறகு மெக்லாஃப்லின் நடத்திய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவின் இரண்டாவது அவதாரம். 1974-இல் 'அபோகலிப்ஸ்', லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு, பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பில். அடுத்த வருஷம் 'விஷன்ஸ் ஆஃப் தி எமரால்ட் பியாண்ட்'. இந்த இரண்டையும் பெரிய ஆல்பங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு 'அபோகலிப்ஸ்' கொஞ்சம் கனம் அதிகம், வயலின் அந்த ஆர்கெஸ்ட்ராவுக்குள் தொலைந்துபோகிற இடங்கள் உண்டு. ஆனால் அந்தக் குழுவிலிருந்து போந்தி ஒரு சொத்தைக் கையோடு கொண்டுவந்தார்: பேஸ் கிட்டார் ரால்ஃப் ஆம்ஸ்ட்ராங்.

1975 'அப்பான் தி விங்ஸ் ஆஃப் மியூசிக்'. சித்தப்பா சொன்ன மாதிரி பின் அட்டையைப் படித்தால் சிரிப்பு வரும். கீபோர்டில் பாட்ரிஸ் ரஷன், அப்போது இருபது வயது சொச்சம், பின்னாளில் 'ஃபர்கெட் மீ நாட்ஸ்' பாடி உலகப் புகழ் பெற்றவர். கிட்டாரில் ரே பார்க்கர் ஜூனியர், 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' பாட்டுக்காரர். டிரம்ஸில் லியான் எண்டுகு சான்ஸ்லர், மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டில் ஆரம்பத்திலிருந்து நாம் எல்லோரும் காலால் தட்டுகிற அந்த அடி இவர் கைவண்ணம். இவர்கள் யாரும் அப்போது நட்சத்திரங்கள் இல்லை. ஆள் பொறுக்குவதில் போந்திக்கு இருந்த காது அப்படி.

'அரோரா', 'இமேஜினரி வாயேஜ்' இரண்டும் 1976. கிட்டாரில் டேரில் ஸ்டியூர்மர் வந்து சேர்கிறார். பேஸில் டாம் ஃபௌலர், ஸப்பா குழுவில் போந்தியோடு இருந்தவர். 'இமேஜினரி வாயேஜ்' ஆல்பத்தில் 'நியூ கன்ட்ரி' என்று ஒரு துள்ளல் உருப்படி உண்டு. அமெரிக்கக் கிராமத்து ஃபிடில் பாணியை எடுத்துக்கொண்டு ராக் குழுவை அதன் பின்னால் ஓடவிட்டிருப்பார். வீட்டில் ஜாஸ் என்றாலே ஓடிப்போகிற என் மகள்கூட இதற்கு மட்டும் நின்று கேட்பாள்.

இப்போது 1977, 'எனிக்மாடிக் ஓஷன்'. அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டின் ஜாஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போன ஆல்பம், ஆனால் நான் தூக்கிவைத்துப் பேசுவது அதற்காக இல்லை. ஸ்டியூர்மர் ஏற்கனவே இருக்கிறபோது போந்தி இன்னொரு கிட்டார்காரரையும் கூட்டி வந்தார், இங்கிலாந்திலிருந்து ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த். ஹோல்ட்ஸ்வொர்த்துக்கு உண்மையில் சாக்ஸபோன்தான் ஆசை. கிட்டாரில் மீட்டுகிற 'டங்' சத்தமே கேட்கக் கூடாது என்று இடது கை விரல்களை வைத்தே ஸ்வரங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஓடவிடுகிற ஒரு வழியைத் தனக்கென்று உண்டாக்கிக்கொண்டவர். இப்போது யோசித்துப் பாருங்கள். சாக்ஸபோன் மாதிரி வயலின் வாசிக்கிற ஒருவரும் சாக்ஸபோன் மாதிரி கிட்டார் வாசிக்கிற ஒருவரும் ஒரே அறையில். ஊதுகுழலே இல்லாத ஆல்பத்தில் இரண்டு ஊதுகுழல்கள் சண்டை போடுகின்றன! நான்கு பாகமாக வரும் தலைப்பு உருப்படியில் வயலின் விட்ட இடத்தில் கிட்டார் எடுக்க, கிட்டார் விட்ட இடத்தில் ஆலன் ஸவோடின் கீபோர்டு எடுக்க, கச்சேரியில் கல்பனாஸ்வரம் சூடு பிடிக்கிறபோது வருகிற அதே பதற்றம். யார் விட்டுக்கொடுக்கப் போகிறார்கள் என்று தெரியாது. தலைவர் போந்திதான், உருப்படியும் அவருடையதுதான், ஆனால் தன்னைவிட வேகமாக ஓடக்கூடியவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க அவருக்குத் தயக்கமே இல்லை. நம் வித்வான்களில் எத்தனை பேருக்கு இது வரும், சொல்லுங்கள்?

இந்த ஆல்பத்தின் டிரம்ஸ்காரர் ஸ்டீவ் ஸ்மித்தைப் பற்றி நம் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அடுத்த வருஷமே 'ஜர்னி' என்ற ராக் குழுவுக்குப் போய்ப் பெரும்புகழ் பெற்றார். ஸ்டியூர்மரும் அதே 1978-இல் 'ஜெனிசிஸ்' குழுவோடு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். ஆனால் ஸ்மித் பின்னாளில் நம் பக்கம் திரும்பினார். கொன்னக்கோல் கற்றுக்கொண்டு மேடையிலேயே ஜதி சொல்கிறார். கர்நாடக இசையை கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னாவோடும் சாக்ஸபோன்காரர் ஜார்ஜ் புரூக்ஸோடும் சேர்ந்து 'ராகா பாப் ட்ரியோ' என்று மூவர் குழு நடத்தினார். 1977 தட்டில் அவர் கணக்குப் போடுகிற விதத்தை இப்போது கேட்டால், இந்த ஆள் எங்கே போய்ச் சேருவார் என்று அப்போதே ஊகித்திருக்கலாம் போலிருக்கிறது. சரி, இது நடந்தபின் சொல்கிற ஜோசியம்தான்.

ஆல்பத்தின் கடைசி உருப்படி ஒரு கடலாமை கடலை நோக்கிப் போராடிப் போவதைப் பற்றியது, மூன்று பாகம். போந்தி நம் தீவை நினைத்து எழுதவில்லை என்று தெரியும். இருந்தாலும் சேன்-லேயில் கெலோனியா ஆமைக் காப்பகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறபோதெல்லாம் காரில் இதைத்தான் போடுவேன். ஆம்ஸ்ட்ராங்கின் பேஸ் அடியில் நிதானமாக நடக்க, மேலே வயலின் அவசரப்படுகிறது. பின்சீட்டிலிருந்து "வேற பாட்டுப் போடுப்பா" என்று குரல் வரும். வரட்டும்.

1978 'காஸ்மிக் மெசஞ்சர்' நல்ல ஆல்பம், புதிய கிட்டார்காரர்கள் பீட்டர் மௌனுவும் ஹோகின் லியெவானோவும் நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் எதிர்த்து நிற்கிற ஆள் இல்லை. அதற்குப் பிறகு எனக்கு ஈடுபாடு மெல்ல இறங்குகிறது. எண்பதுகளில் போந்தி சீக்வென்சர் கருவிகளில் மனம் வைத்தார். ஒரே சுழற்சியை மெஷின் திரும்பத் திரும்ப ஓட்ட, அதன்மேல் வயலின். 1983 'இண்டிவிஜுவல் சாய்ஸ்' அந்த வகை. மெஷின் தப்பு செய்யாது, முறைத்துக்கொள்ளாது, எதிர்க்கேள்வி கேட்காது. கேட்க இனிமையாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆல்பத்திலேயே பழைய நண்பர்கள் டியூக்கும் ஹோல்ட்ஸ்வொர்த்தும் வருகிற இடங்களில் வயலின் சட்டென்று நிமிர்ந்து உட்காருவதைக் கவனியுங்கள், நான் சொல்வது புரியும். 1985 'ஃபேபிள்ஸ்' கொஞ்சம் தேவலை. ஸ்காட் ஹெண்டர்சன் என்ற முரட்டு கிட்டார் பக்கத்தில் இருந்ததுதான் காரணம் என்பேன். போந்தி பக்தர்கள் என்மேல் பாயலாம்.

அப்புறம் 1991-இல் அவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மெஷினையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, பாரிஸில் இருந்த ஆப்பிரிக்க இசைக்காரர்களைக் கூட்டிச் செய்த ஆல்பம் 'சோகோலா'. டிரம்ஸில் கேமரூன்காரர் பிரிஸ் வாஸ்ஸி, பேஸில் கீ என்சாங்கே, தாளக் கருவிகளில் செனகலின் அப்து எம்பூப். இங்கே ரெயூனியனில் இருப்பவர்களுக்கு இந்த ஆல்பம் இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும். இந்தத் தீவின் நாட்டுப்புற இசையான மலோயாவின் நடையும் மூன்று மூன்றாக எண்ணுகிற நடைதான், நம் கணக்கில் திஸ்ரம். எங்கள் பக்கத்து வீட்டு மலபார்க்காரர் (இங்கே தமிழ் வம்சாவளிக்காரர்களை அப்படித்தான் சொல்வார்கள்) கயாம்ப் வாசிப்பவர். கரும்புப் பூத்தண்டுகளை அடுக்கிக் கட்டி உள்ளே விதை போட்ட அந்தத் தட்டையான கருவி, நம்மூரில் இல்லாத ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பாட்டுக்குப் பிறகு இந்த ஆல்பத்தைப் போட்டேன். இரண்டாவது உருப்படி முடிவதற்குள் போய்க் கயாம்பை எடுத்துவந்துவிட்டார். அவருக்குத் தமிழ் கோயில் பாட்டளவுக்குத்தான், எனக்குக் கிரியோல் கடைத்தெரு அளவுக்குத்தான். அன்றைக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வயலின்காரர் யார் என்று அவர் கேட்கவே இல்லை, "டிரம்ஸ் யார்?" என்றார். சரியான கேள்வி.

1995-இல் பேஸ்காரர் ஸ்டான்லி கிளார்க், கிட்டார்காரர் அல் டி மியோலா இருவரோடும் 'தி ரைட் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்'. டிரம்ஸும் இல்லை, மின்சார அலங்காரமும் இல்லை, மூன்று தந்தி வாத்தியம் மட்டும். கர்நாடகக் காது உள்ளவர்கள் போந்திக்குள் நுழைய இதுதான் வசதியான வாசல். கிளார்க்கின் பெரிய பேஸ் இருக்கிறபோது தாள வாத்தியம் இல்லாத குறையே தெரியாது. டி மியோலா மட்டும் தேவைக்கு மேல் வேகம் காட்டுகிறார், அது அவர் சுபாவம். இதே கிளார்க்கோடும் கிட்டார்காரர் பிரேலி லாக்ரேனோடும் 2015-இல் செய்த 'டி-ஸ்ட்ரிங்ஸ்' ஆல்பத்தையும் விட்டுவிடாதீர்கள். எழுபது தாண்டிய மனிதரின் வில்லில் தளர்ச்சியே இல்லை.

கேட்க ஆரம்பிக்கிறவர்கள் 'எனிக்மாடிக் ஓஷன்', பிறகு 'சோகோலா', பிறகு 'தி ரைட் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்' என்று போங்கள், எண்பதுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1970 'கிங் காங்' பழைய அச்சு எல்பி இந்தத் தீவில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கீறல் இருந்தாலும் பரவாயில்லை, பின் அட்டை கிழியாமல் இருந்தால் போதும், விலை பேசிக்கொள்ளலாம்.