முதலில் சிகரெட், அப்புறம் தொப்பை

நாற்பதைத் தாண்டியவர்கள் சிகரெட்டை விடும் நாளிலேயே கடுமையான டயட்டையும் தொடங்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. இரண்டு ஏக்கத்தையும் ஒரே நேரத்தில் அடக்கச் சொன்னால் பலர் சிகரெட்டுக்கே திரும்பிவிடுவார்கள்.

சிகரெட்டை விட்டால் எடை கூடுவது உண்மைதான். சிகரெட்டில் உள்ள நிகோட்டின் பசியை மட்டுப்படுத்தும், உடல் எரிக்கும் கலோரியைக் கொஞ்சம் கூட்டும். அது நின்றதும் இரண்டும் தலைகீழாகிறது. போதாக்குறைக்கு நாக்கில் ருசியும் திரும்பிவிடுகிறது. 2012இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, மருந்து உதவியில்லாமல் விட்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடியது. பெரும்பகுதி முதல் 3 மாதங்களில். ஆனால் சுமார் 16 சதவீதம் பேருக்கு எடை குறைந்திருந்தது. இதை யாரும் சொல்வதில்லை!

நம் ஊரில் சிக்கலே டீக்கடையில்தான். டீயும் தம்மும் ஜோடி. தம் போனதும் அந்த இடத்தில் வடையோ பட்டர் பிஸ்கட்டோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் அண்ணன் ஐம்பது வயதில் விட்டபோது டீ நேரத்தில் கடைப் பக்கமே போகாமல் தெருவை ஒரு சுற்று நடந்து வருவார். சட்டைப்பையில் சோம்பு, கிராம்பு. டீயில் சர்க்கரையையும் நிறுத்தினார். லேசாகத் தொப்பை விழத்தான் செய்தது, சரி, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்ததே.

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் சிகரெட்டை விட்ட பிறகு ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது. சிகரெட்டை விட உதவும் நிகோட்டின் சூயிங்கம் எடை கூடுவதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடும். அது தனக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.